வளாகச் செய்தியும் மாணவர் உடல்நலமும்

உயர்கல்வி நிறுவனங்களில் பயிலும் மாணவர்களுக்கு மருத்துவ வசதி அளிப்பதன் இன்றியமையாமையை இன்று எவரும் மறுப்பதில்லை. எனினும் வசதி இருப்பது ஒன்று. அது இருப்பதை மாணவர் அறிந்து உரிய காலத்தில் பயன்படுத்துவது மற்றொன்று. மருத்துவர் வரும் நாள், செல்ல வேண்டிய இடம், அழைக்க வேண்டிய எண், விடுதிக் குடிநீரின் நிலை ஆகியவற்றை மாணவர் எவ்வழியே அறிகின்றனர் என்பதைப் பற்றி நாம் போதிய அளவு சிந்திப்பதில்லை. வளாகத்தில் செய்தி பரவும் வழிகளையும் மாணவர் சுகாதாரப் பணிகளையும் ஒருங்கே வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இதற்கு ஓர் எடுத்துக்காட்டாக நாராயணவனம் பகுதியை எடுத்துக் கொள்வோம்.

இரு நகர்களுக்கு இடையே ஓர் ஊர்

நாராயணவனம் திருப்பதிக்குத் தென்கிழக்கே, புத்தூருக்கு அருகில் அமைந்துள்ள சிற்றூர். ஆகாசராசன் மகள் பத்மாவதிக்கும் வேங்கடவனுக்கும் திருமணம் நடந்த இடம் என்று தலபுராணம் கூறுவதால், இங்குள்ள கல்யாண வேங்கடேசுவரர் கோயில் பெரும் புகழ் பெற்றது. நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இவ்வூர், 2022 ஏப்ரல் 4ஆம் நாள் ஆந்திரப் பிரதேசத்தில் மாவட்டங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. தமிழகத்தின் திருத்தணி இங்கிருந்து தொலைவில் இல்லை. 1960 ஏப்ரல் 1ஆம் நாள் எல்லைகள் மாற்றியமைக்கப்படும் வரை திருத்தணியும் சித்தூர் மாவட்டத்திலேயே இருந்தது. ஆகவே இப்பகுதியில் தெலுங்கும் தமிழும் வீட்டிலும் சந்தையிலும் அருகருகே வழங்குகின்றன.

திருப்பதி ஒரு கல்வி நகரம். 1954இல் சிறீ வேங்கடேசுவரா பல்கலைக் கழகமும், 1983இல் பத்மாவதி மகளிர் பல்கலைக் கழகமும் அங்கே நிறுவப்பட்டன. இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சிக் கழகமும் 2015இல் தொடங்கப்பட்டன. மருத்துவத் துறையிலும் அந்நகரம் பின்தங்கியதன்று. 1960இல் தோன்றிய சிறீ வேங்கடேசுவரா மருத்துவக் கல்லூரி, அதனைச் சார்ந்த அரசுப் பொது மருத்துவமனை, 1993 முதல் இயங்கி வரும் சிறீ வேங்கடேசுவரா மருத்துவ அறிவியல் கழகம் ஆகியவை அங்கு உள்ளன.

ஆனால் புத்தூர், நாராயணவனம் போன்ற ஊர்களில் பயில்வோர் பல்கலைக் கழக வளாகத்தில் வாழ்பவர் அல்லர்; அவர்கள் இணைப்புக் கல்லூரி மாணவர். கலை, அறிவியல் பட்டம் பயில்வோருக்குப் பல்கலைக் கழகம் திருப்பதியில் உள்ளது. இப்பகுதியின் பொறியியற் கல்லூரிகளுக்கோ, இணைப்பளிக்கும் பல்கலைக் கழகம் இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் அனந்தபூரில் உள்ளது. பல்கலைக் கழக வளாகத்துச் சுகாதார நிலையத்தில் எத்துணைச் சிறந்த மருத்துவர் இருப்பினும், இணைப்புக் கல்லூரி விடுதியில் நள்ளிரவில் காய்ச்சலால் வாடும் மாணவருக்கு அவரால் பயனில்லை. நம் நாட்டு மாணவர்களில் மிகப் பெரும்பாலோர் இத்தகைய இணைப்புக் கல்லூரிகளிலேயே பயில்கின்றனர். ஆதலின் நாராயணவனத்தின் நிலை ஓர் ஊரின் நிலை மட்டுமன்று.

கருத்து வளர்ந்த வரலாறு

மாணவர் உடல்நலத்தைப் பேணுவது கல்வி நிறுவனத்தின் கடமை என்னும் கருத்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருப்பெற்றது. அமெரிக்காவின் ஆம்கர்சுட்டுக் கல்லூரி 1861இல் உடற்பயிற்சிக்கும் சுகாதாரத்துக்கும் தனித் துறை அமைத்து, மருத்துவர் ஒருவரைப் பேராசிரியராக அமர்த்தியது. நம் நாட்டில் 1909இல் பரோடாவில் பள்ளிச் சிறாருக்கு மருத்துவப் பரிசோதனை தொடங்கியது. 1920இல் கல்கத்தாப் பல்கலைக் கழகம் மாணவர் நலத் திட்டம் ஒன்றை வகுத்து உடற்பரிசோதனையை மேற்கொண்டது.

விடுதலைக்குப் பின் 1948இல் அமைக்கப்பட்ட பல்கலைக் கழகக் கல்விக் குழுவின் தலைவர் டாக்டர் ச. இராதாகிருட்டிணன். திருத்தணியில் பிறந்து திருப்பதியில் பள்ளிக் கல்வி பெற்ற அவருக்கு, இவ்விரண்டு ஊர்களுக்கும் நடுவே உள்ள சிற்றூர்களின் நிலை புதிதன்று. கல்லூரியிற் சேரும்போதும் அதன் பின் ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஒவ்வொரு மாணவரையும் முழுமையாகப் பரிசோதித்தல் வேண்டும், விடுதிகளையும் சமையற் கூடங்களையும் ஒழுங்காகப் பார்வையிட வேண்டும் என்று அக்குழு 1949இல் பரிந்துரைத்தது. 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரிக் குழு, மாணவர் நலப் பணிகளைக் கல்வியின் ஒரு கூறாகவே கொள்ள வேண்டும் என வலியுறுத்தியது. 1969இல் 37 பல்கலைக் கழகங்களில் தொடங்கிய நாட்டு நலப் பணித் திட்டம் மாணவரையே சுகாதாரத் தொண்டில் ஈடுபடுத்தியது.

இவ்வாறு பரிந்துரைகளுக்குக் குறைவில்லை. அவை கல்லூரி வாயிலைக் கடந்து வகுப்பறைக்கும் விடுதி அறைக்கும் சென்று சேருவதில்தான் இடர்ப்பாடு.

செய்தி செல்லும் வழிகள்

ஒரு கல்லூரியில் செய்தி பரவுவதற்குப் பல வழிகள் உள்ளன. அறிவிப்புப் பலகை அவற்றுள் மிகப் பழையது. அதில் உள்ளதை மறுக்க இயலாது என்பது அதன் வலிமை. தேர்வுக் கட்டணமும் கால அட்டவணையும் தவிர வேறெதையும் மாணவர் அதில் தேடுவதில்லை என்பது அதன் குறை. சுற்றறிக்கை வகுப்பில் ஒருமுறை படிக்கப்படும். அன்று வராதவருக்கு அது எட்டாது. நோயுற்றவரே அன்று வராதவர் என்பதை நாம் நினைவிற் கொள்ள வேண்டும். ஆண்டு மலர் ஆண்டுக்கொரு முறை வருவது. காய்ச்சல் அதுவரை காத்திராது. மாணவர் நடத்தும் சுவரிதழ் வாரந்தோறும் மாற்றப்பட்டால் நல்ல பயன் தரும்.

வானொலியும் ஒரு வழியாகும். கல்வி நிறுவனங்கள் சமுதாய வானொலி நடத்தலாம் என மைய அரசு 2002இல் முடிவு செய்தது. அதன்படி சென்னை அண்ணா பல்கலைக் கழகத்தில் 2004 பிப்ரவரி 1ஆம் நாள் தொடங்கிய அண்ணா பண்பலையே நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலி. இத்தகைய நிலையத்தின் ஒலி ஏறத்தாழப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் சுற்றளவுக்குக் கேட்கும். ஒரு கல்லூரியும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களும் பயன் பெற அதுவே போதும். சுகாதாரம், கல்வி, வேளாண்மை ஆகியவற்றைப் பற்றி மக்கள் பேசும் மொழியிலேயே பேசலாம் என்பது இதன் தனிச் சிறப்பு.

இன்று இவை அனைத்தையும் முந்திக் கொண்டிருப்பது கைபேசிச் செய்திக் குழு. நொடிப் பொழுதில் எல்லோரையும் சென்றடைவது அதன் நன்மை. எவர் எழுதினார், எப்போது எழுதினார், உண்மையா என்பது தெரியாமலே மேலும் மேலும் அனுப்பப்படுவது அதன் தீமை. நேற்றைய எச்சரிக்கை இன்றும், சென்ற ஆண்டின் வதந்தி இவ்வாண்டும் அதில் உலவக் காண்கிறோம்.

இவற்றுக்கெல்லாம் மேலாக ஒரு வழி உண்டு, அது வாய்மொழி. புத்தூருக்கு அருகில் எலும்பு முறிவுக்குக் கட்டும் புத்தூர்க் கட்டைத் தென்னாட்டில் அறியாதார் சிலரே. எந்த அறிவிப்புப் பலகையும் இப்புகழைப் பரப்பவில்லை. சென்று வந்தவர் தம் உறவினருக்கும் அண்டை வீட்டாருக்கும் சொல்ல, அவர்கள் பிறருக்குச் சொல்ல, தலைமுறை தலைமுறையாக அது பரவியது. எம்முறைச் சிகிச்சை எவ்வகை முறிவுக்கு ஏற்றது என்பது வேறு கேள்வி. தோல் கிழிந்து எலும்பு வெளிப்பட்ட முறிவுகளுக்கு மருத்துவமனையே தக்க இடம். இங்கு நாம் கவனிக்க வேண்டுவது, சென்று வந்தவரின் சொல்லுக்கு உள்ள வலிமையை. கல்லூரி மருத்துவ அறைக்கு ஒருமுறை சென்ற மாணவர், கதவு பூட்டியிருந்தது என்றோ, தாம் சொன்னது மறுநாள் விடுதி முழுதும் பரவியது என்றோ நண்பரிடம் கூறினால், பின்னர் எத்தனை சுவரொட்டி ஒட்டினும் பயன் விளையாது.

செய்தி தவறும்போது

செய்தி காலத்தில் கிடைக்காவிடில் விளையும் கேடு யாது? விடுதிகளில் பரவும் மஞ்சட் காமாலையை எடுத்துக் கொள்வோம். நீரினாலும் உணவினாலும் பரவும் ஏ வகைக் காமாலைக் கிருமி உடலிற் புகுந்து நோயாக வெளிப்பட ஏறத்தாழ நான்கு வாரங்கள் ஆகும். கண்கள் மஞ்சளாவதற்கு ஓரிரு வாரங்களுக்கு முன்பிருந்தே நோயாளி கிருமியை வெளியேற்றுகிறார். எனவே விடுதியில் இருவருக்குக் காமாலை கண்டது எனின், நீர் கெட்டுப் பல நாட்களாகியிருக்கலாம். மேலும் பலருக்குள் கிருமி இருக்கலாம். அப்போது நிருவாகம் வாய்மூடி இருந்தால் வதந்தி எழும். வதந்தியால் அஞ்சிய மாணவர் மூட்டை கட்டிக் கொண்டு தத்தம் ஊருக்குச் செல்வர். நோயும் அவர்களுடன் செல்லும். விடுதியில் அடக்கியிருக்கக் கூடிய நோய் இருபது சிற்றூர்களுக்குப் பரவ இதுவே வழியாகும்.

இது வெறும் கற்பனையன்று. 1903இல் அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக் கழகம் அமைந்துள்ள இதாகா நகரில் வடிகட்டப்படாத குடிநீரால் டைபாய்டு காய்ச்சல் பரவியது. மாண்ட 82 பேரில் 29 பேர் அப்பல்கலைக் கழக மாணவர். மாணவர் பலர் நகரை விட்டு வெளியேறினர். அதன் பின்னரே நீரை வடிகட்டும் நிலையங்கள் அங்கு அமைக்கப்பட்டன.

நம் காலத்திலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2020 டிசம்பரில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழக விடுதிகளில் நூற்றுக்கும் மேற்பட்டோருக்குக் கொரோனாத் தொற்று கண்டது. அப்போது இயங்கிய ஒரே உணவுக் கூடத்தில் மாணவர் கூடியதே காரணம் என ஐயுறப்பட்டது. உடனே உணவைப் பொட்டலமாக அறைகளுக்கே அனுப்பவும், நூலகத்தையும் ஆய்வுக் கூடங்களையும் மூடவும், விடுதியில் உள்ள அனைவரையும் பரிசோதிக்கவும் ஏற்பாடாயிற்று. தொற்றுக் கண்டோரின் எண்ணிக்கையை அரசு நாள்தோறும் வெளிப்படையாக அறிவித்தது. உண்மையான எண்ணிக்கை தெரியும் இடத்தில் வதந்திக்கு வேலை குறைவு என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

கண்ணுக்குத் தெரியாத நோய்கள்

பரவும் நோய் எல்லோர் கண்ணிலும் படுகிறது. படாதவை இரண்டு: ஒன்று இரத்தசோகை, மற்றொன்று மனத்துயர்.

2019 முதல் 2021 வரை நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தசோகை உள்ளது. இவர்களில் பலர் கல்லூரியின் முதலிரண்டு ஆண்டுகளில் பயில்வோர். 2014இல் தொடங்கிய தேசிய வளரிளம் பருவத்தினர் நலத் திட்டம் 10 முதல் 19 வயது வரை உள்ளோருக்கு இரும்புச் சத்து மாத்திரைகளையும் ஆலோசனையையும் வழங்குகிறது. பத்தொன்பது வயது நிறைந்ததும் மாணவி அத்திட்டத்தின் எல்லையைக் கடந்து விடுகிறார். படிப்போ இன்னும் முடிவதில்லை. இந்த இடைவெளியைக் கல்லூரியே நிரப்ப வேண்டும். களைப்பும் தலைச்சுற்றலும் படிப்பின் சுமை என்றே மாணவியரால் கருதப்படுகின்றன. எளிய இரத்தப் பரிசோதனை உண்மையைக் காட்டும் என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்வோர் வேண்டும்.

மனத்துயரின் விளைவு இன்னும் கொடியது. தேசியக் குற்ற ஆவணக் கூடத்தின் கணக்குப்படி 2022இல் நாட்டில் தம் உயிரை மாய்த்துக் கொண்ட மாணவர் 13,044 பேர். இத்துயரைத் தடுப்பதற்கென மைய அரசு 2022 அக்டோபர் 10ஆம் நாள் ‘டெலி மானசு’ என்னும் தொலைபேசி மனநலப் பணியைத் தொடங்கியது. 14416 என்ற எண்ணை இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம்.

ஆந்திர மாநிலத்தில் நேர்ந்த ஒரு மாணவியின் மரணம் பற்றிய வழக்கில் உச்சநீதி மன்றம் 2025 சூலை 25ஆம் நாள் பதினைந்து நெறிமுறைகளை வகுத்தது. சட்டம் இயற்றப்படும் வரை அவை நாடெங்கும் உள்ள கல்வி நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும். நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் உள்ள நிறுவனம் பயிற்சி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவரையேனும் அமர்த்த வேண்டும். சிறிய நிறுவனங்கள் வெளியில் உள்ள வல்லுநருடன் தொடர்பு ஏற்படுத்திக் கொள்ள வேண்டும். ஆசிரியர்களுக்கும் பிற பணியாளர்களுக்கும் ஆண்டுக்கு இருமுறையேனும் பயிற்சி அளிக்க வேண்டும். உதவி எண்களை விடுதியிலும் வகுப்பறையிலும் பொது இடங்களிலும் பெரிய, தெளிவான எழுத்தில் வைக்க வேண்டும் என்பதும் அந்நெறிமுறைகளுள் ஒன்று. எழுத்தின் அளவைக் கூட நீதிமன்றம் குறிப்பிட நேர்ந்தது என்பது சிந்திக்கத் தக்கது. செய்தியைத் தெரிவிப்பதும் மருத்துவப் பணியின் ஒரு பகுதியே என்பதை இது நிலைநாட்டுகிறது.

செய்யத் தக்கவை

நாராயணவனம் போன்ற இடத்தில் உள்ள கல்லூரி ஒன்று பெருஞ்செலவின்றியே பலவற்றைச் செய்ய இயலும்.

முதலாவது, தொடர்புகளை உறுதிப்படுத்துதல். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையம், புத்தூரில் உள்ள அரசு மருத்துவமனை, திருப்பதியில் உள்ள பெரிய மருத்துவமனைகள் என மூன்று படிகளாக, எந்நோய்க்கு எங்குச் செல்வது என்பதைக் கல்லூரி முன்னரே வகுத்து வைத்தல் வேண்டும். 2005இல் ஒருங்கிணைந்த ஆந்திரத்தில் தொடங்கிய 108 அவசர ஊர்திப் பணியை அழைக்கும்போது சொல்ல வேண்டிய விடுதியின் சரியான முகவரியும் அடையாளமும் ஒவ்வொரு மாடியிலும் எழுதப்பட்டிருத்தல் நலம். வெளியூர் மாணவர் பலருக்குத் தாம் தங்கியுள்ள கட்டடத்துக்கு வழி சொல்லத் தெரிவதில்லை.

இரண்டாவது, அறிவிப்பின் அமைப்பு. நோய் பரவும் காலத்தில் வெளியிடும் அறிவிப்பில் ஆறு செய்திகள் இருத்தல் வேண்டும்: நேர்ந்தது என்ன, எத்தனை பேருக்கு, எந்நாள் முதல், மாணவர் செய்ய வேண்டுவது என்ன, செல்ல வேண்டிய இடம் எது, அடுத்த அறிவிப்பு எப்போது வரும் என்பன அவை. நாளும் பொறுப்பாளர் கையெழுத்தும் கட்டாயம் வேண்டும். நோயுற்றவர் பெயரை எக்காரணம் கொண்டும் வெளியிடலாகாது. அடுத்த அறிவிப்பின் நேரத்தைக் குறிப்பிட்டு அதைத் தவறாது காப்பாற்றினால் மாணவர் வதந்தியை நாடார்.

மூன்றாவது, மொழி. தெலுங்கு, தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்றிலும் அறிவிப்பு வெளிவருதல் வேண்டும். ஆங்கிலத்தில் தேர்வெழுதும் மாணவரும் தம் வயிற்று வலியையும் மனக்கவலையையும் தாய்மொழியிலேயே உணர்கின்றனர்.

நான்காவது, குடிநீர்க் குறிப்பு. விடுதிக் குழாய் நீரில் எஞ்சியுள்ள குளோரின் அளவைச் சிறு கருவி ஒன்றினால் நாள்தோறும் அளந்து விடலாம். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையலாகாது என்பது இந்தியத் தர அளவு. நாட்டு நலப் பணித் திட்ட மாணவர் இதனை அளந்து உணவுக் கூட வாயிலில் எழுதி வைத்தால் அதுவே மிகச் சிறந்த வளாகச் செய்தியாகும். தொட்டியைக் கழுவிய நாளையும் அதனுடன் எழுதலாம். நீர் தேங்கிக் கொசு வளரும் இடங்களை வாரம் ஒருமுறை பார்த்துக் குறிக்கும் பணியையும் இவர்களிடமே ஒப்படைக்கலாம். டெங்குவைப் பரப்பும் கொசு பகலிற் கடிப்பது என்பதால், வகுப்பறைகளையும் இக்கணக்கிற் சேர்த்தல் வேண்டும்.

ஐந்தாவது, மாணவர் செய்தியாளர். ஒவ்வொரு விடுதியிலும் ஆண், பெண் மாணவர் சிலரைத் தேர்ந்து ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் வாயிலாகச் சிறு பயிற்சி அளிக்கலாம். இரு வாரங்களுக்கு மேற்பட்ட இருமலுக்குச் சளிப் பரிசோதனை வேண்டும். டெங்குக் காய்ச்சல் தணியும்போதே அபாயக் குறிகள் தோன்றக் கூடும். மருத்துவரைக் கேளாமல் வலி மாத்திரை விழுங்கலாகாது. இத்தகைய சில உண்மைகளை அவர்கள் தெளிவாக அறிந்திருந்தால் போதும். கைபேசிக் குழுவில் ஐயத்துக்குரிய செய்தி வரும்போது அதனைச் சரிபார்த்து மறுப்பதும் அவர்கள் பணியாகும். நோயைக் கண்டறிவதும் மருந்து கொடுப்பதும் அவர்கள் பணியன்று என்பதை முதலிலேயே உணர்த்தி விடுதல் வேண்டும்.

ஆறாவது, நம்பிக்கை. மருத்துவர் வரும் நாளும் நேரமும் மாறாது இருத்தல் வேண்டும். மாணவர் கூறுவது விடுதிக் காப்பாளருக்கோ பெற்றோருக்கோ அவர் இசைவின்றித் தெரிவிக்கப்பட மாட்டாது என்பதும், உயிருக்கு ஆபத்து உள்ளபோது மட்டும் உரியவருக்குச் சொல்லப்படும் என்பதும் சேர்க்கை நாளிலேயே விளக்கப்பட வேண்டும். இதனைக் கடைப்பிடித்தால், சென்று வந்த மாணவரே சிறந்த விளம்பரமாவார்.

முடிவுரை

இராதாகிருட்டிணன் குழு தன் அறிக்கையை அளித்து முக்கால் நூற்றாண்டு கடந்து விட்டது. மருத்துவ அறிவும், மருத்துவமனைகளும், தொலைபேசிப் பணிகளும் அக்குழுவினர் எண்ணியிராத அளவுக்கு வளர்ந்துள்ளன. கிராமத்து வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வரும் மாணவரோ இன்றும் முதலாண்டில் தனித்தே நிற்கிறார். விடுதியில் அவருக்கு நோய் கண்டால் நெற்றியைத் தொட்டுப் பார்க்கத் தாய் இல்லை. எங்குச் செல்வது எனச் சொல்ல ஊரார் இல்லை. அந்த இடத்தில் நிற்க வேண்டிய பொறுப்பு கல்லூரிக்கு உரியது. கல்லூரி முதல்வர்களும், நாட்டு நலப் பணித் திட்ட அலுவலர்களும், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களும் கல்வியாண்டின் தொடக்கத்தில் ஒருமுறை கூடிப் பேசினால் மேற்கூறியவற்றுள் பெரும்பாலானவற்றை அவ்வாண்டிலேயே நடைமுறைக்குக் கொண்டு வரலாம். அதற்குத் தேவைப்படும் பொருட்செலவு சிறிது. அதனாற் காக்கப்படும் இளமையோ நாட்டின் பெருஞ்செல்வமாகும்.